பெட்டி வந்து சேராதது சம்பந்தமாக மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். என் ரத்த அழுத்தத்தைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை. அங்கே நீங்களும் எங்கள் பெண்ணும் பேத்தியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் இனி எங்கும் பயன்படுத்தப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால் நீங்கள் இங்கே வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் உங்கள் கம்ப்யூட்டர் கீபோர்டை வைத்துத் தட்டினீர்கள். சத்தம் நன்றாக இருக்கிறதே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே "மாமா, உங்களுக்கும் ஒண்ணு செஞ்சுடலாம், தமிழ் எழுத்து போட்ட கீகேப்போட" என்றீர்கள். கீகேப் என்றால் விசையின் தலையில் மாட்டுகிற தொப்பி என்றும், இந்த மாதிரி கடையில் கிடைக்காது என்றும், நூறு பேர் சேர்ந்து முன்கூட்டியே பதிவு செய்தால்தான் தொழிற்சாலைக்காரன் அச்சு வெட்டுவான் என்றும், இதற்கு குரூப் பை என்று பெயர் என்றும் விளக்கினீர்கள். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். "நாலு மாசம் மாமா, மிஞ்சிப்போனா அஞ்சு." அந்த வார்த்தையைக் கேட்டு அடுத்த வாரமே என் பழைய கீபோர்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அன்றிலிருந்து பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதமானாலும் சரி, தெருவிளக்கு எரியாததற்குப் புகாரானாலும் சரி, கையால் எழுதி எழுதி என் கட்டைவிரல் மரத்துக் கிடக்கிறது.

இந்தக் குரூப் பையை நடத்துகிறவர் சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'பொறுமை' என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். முதலில் அச்சில் விரிசல் என்றார். அப்புறம் பச்சை கேட்ட இடத்தில் ஊதா வந்துவிட்டது என்றார். அதைத் திருத்தியதும் தொழிற்சாலைக்கு லீவு. லீவு முடிந்ததும் மிஷினில் எங்களுக்கு முன்னால் வேறு யாரோ வரிசையில் நிற்கிறார்களாம். எல்லாம் சரியாகி அனுப்பப் போகிற நேரத்தில் ஸ்பேஸ் பார் என்கிற நீளக் கட்டை மட்டும் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டதாம். நூற்றுச் சொச்சம் கட்டைகள் ஒழுங்காக இருக்கும்போது அது ஒன்று மட்டும் ஏன் வளைய வேண்டும், அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வேலை நடக்கிறது என்று காட்ட அவர் அனுப்பிய போட்டோக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மேசை ஓரத்தில் அதே காப்பி டம்ளர், அதே பாதிக் காப்பி, விளிம்பில் அதே உதட்டுக் கறை. ஏழு மாதமாக ஒரு மனுஷன் ஒரே காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பானா மாப்பிள்ளை?

உங்கள் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு, மறைக்கவில்லை. இந்தக் கீபோர்டு விவகாரத்துக்கு முன்னால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவீர்கள். "நல்லா இருக்கீங்களா மாமா, சரி வச்சுடட்டுமா" என்பதோடு முடிந்துவிடும். தாமதம் ஆரம்பித்த பிறகோ, ஞாயிற்றுக்கிழமை டாண் என்று பத்து மணிக்கு ஃபோன். மூன்று நிமிடம் நீங்கள் சாக்கு சொல்கிறீர்கள், மூன்று நிமிடம் நான் கத்துகிறேன், பிறகு ஒரு மணி நேரம் அத்தையும் பெண்ணும் பேசுகிறார்கள், பேத்தி ஃபோனை நக்குகிறாள். என் வாயை அடைக்கத்தானே இந்த ஏற்பாடு? எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டீர்கள்.

இப்போது உச்சகட்டத்துக்கு வருவோம். போன செவ்வாய்க்கிழமை பெட்டி எங்கள் வீட்டில் ஒப்படைக்கப்பட்டுவிட்டதாம், கையெழுத்தும் வாங்கியாயிற்றாம். கூரியர்காரர் ஃபோன் திரையில் விரலால் போட்ட அந்தக் கையெழுத்தை நீங்கள் எனக்கு அனுப்பிவைத்தீர்கள். மாப்பிள்ளை, முப்பத்தொன்பது வருடம் வங்கியில் உட்கார்ந்து கையெழுத்து சரிபார்த்தவன் நான். என் மேசையைத் தாண்டி ஒரு கள்ளக் கையெழுத்து போனதில்லை. இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன்: ஆரம்பத்தில் தயக்கம், நடுவில் நடுக்கம், முடிவில் ஒரு அவசரக் கோடு. எதையோ ஒளிக்கிற கை. திட்டம் போட்டுச் செய்கிற ஆள். இந்த ஆளை என் ஆயுளில் நான் சந்தித்ததே இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அன்று காலை நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். வீட்டில் அத்தை மட்டும்தான். விசாரித்தேன். "மணி அடிச்ச மாதிரியே இல்லையே" என்றாள். அவள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன், இந்த வீட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே ஆள் அவள். கையெழுத்தையும் காட்டினேன். கண்ணாடி போடாமலேயே தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரோ பாவம், அழகாத்தான் போட்டிருக்காங்க" என்றாள். அவளுக்கு உலகம் தெரியாது. அடுத்து மாடி வீட்டுக்காரர். சில நாளாக அவர் வீட்டில் கீபோர்டைத் தட்டுகிற மாதிரி டக் டக் என்று சத்தம். மூன்று நாள் காலையில் மாடிப்படியில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். கடைசியில் கதவைத் திறந்தவர் கையில் காய் நறுக்கும் பலகை இருந்தது. "என்ன சார், ஏதாவது வேணுமா?" என்றார். இரண்டு கேரட் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, வீட்டுக்குள்ளயே ஒருதடவை நல்லாப் பாருங்களேன்." என் வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்கிறீர்களா? எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. ஆகவே இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வேண்டாம். எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள். அத்தைக்கு இதை இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அழுவாள். ஆனாலும் முடிவு முடிவுதான்.

பெண்ணுக்கு என் ஆசி. பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உங்களுக்கு என்ன அனுப்புவது என்று யோசித்துப் பார்த்தேன். மாமனார் என்ற முறையில், குறையில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
மாமனார்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். இந்தக் கடிதத்துக்கு உறை தேடி அத்தையின் தையல் மிஷின் மூடியைத் தூக்கினேன். உள்ளே, பேத்திக்குத் தைத்த கவுனுக்கு அடியில், பெட்டி. பிரிக்கவே இல்லை. சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள், திரும்பினாள். "ஆமா, நான்தான் கையெழுத்துப் போட்டேன். பெட்டி வந்துடுச்சுன்னு சொன்னா ஞாயித்துக்கிழமை புள்ளைங்க எதுக்குக் கூப்பிடப் போறாங்க?" நாற்பத்தோரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் கையெழுத்து எனக்குத் தெரியவில்லை என்பதை வங்கிக்காரர் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே தலை சீவிக்கொண்டு ஃபோன் பக்கத்தில் உட்காருகிற ஆள் நான்.

பெட்டியை மறுபடியும் அதே மூடிக்குள் வைத்துவிட்டோம். ஸ்பேஸ் பார் நேராக இருக்கிறதா என்று மட்டும் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தேன், இருக்கிறது. 'பொறுமை' அவர்கள் அடுத்த குரூப் பை ஆரம்பித்திருக்கிறாராமே. இது போன தடவையைவிட இன்னும் தாமதமாகும் என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறார், நல்ல மனுஷன். எங்கள் பெயரில் இரண்டு போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிட்டு, "இன்னும் வரல மாமா" என்று சொல்லுங்கள். நான் கத்துகிறேன்.