கிளைச் சிறையில் ஒரு நல்ல கையெழுத்து

ஒரு காட்டில் ஒரு கிளைச் சிறை இருந்தது. நான் அதன் உள்ளே போனதில்லை. அங்கே தினமும் கீரைக்கட்டு இறக்கும் முயல் சொன்னதைத்தான் எழுதுகிறேன். முயல் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். கூடுதலாகத் தெரிந்ததைக் கழித்துவிட்டேன்.

அந்தச் சிறைக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் ஒன்பது. வேலையில் இருந்தவர்கள் இருவர். கரடி ஜெயிலர், காட்டெருமை காவலர். காட்டெருமை வார விடுப்பு எடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பதிவேடுகள் மட்டும் குறையாமல் முப்பத்திரண்டு இருந்தன. கரடி எழுதினால் தாள் கிழிந்தது. காட்டெருமையின் குளம்பில் பேனாவே நிற்கவில்லை.

அப்போது கோமதிநாயகம் என்ற முள்ளம்பன்றி, மரவள்ளிக்கிழங்கு திருடிய வழக்கில் மூன்று மாதத் தண்டனையோடு வந்தது. தன் முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவி, மையில் தொட்டு, பதிவேட்டில் தன் பெயரைத் தானே எழுதியது. அச்சடித்ததுபோல் இருந்தது. கரடி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தது. மறுநாள் முதல் முப்பத்திரண்டு பதிவேடுகளும் கோமதிநாயகத்தின் பொறுப்பு.

மூன்று மாதம் முடிந்தது.

"அய்யா, இன்னைக்கு எனக்கு விடுதலை."

"தெரியும்ப்பா. மாதாந்திர அறிக்கையை மட்டும் முடிச்சுட்டுப் போயேன்."

முடித்தது. பிறகு ரேஷன் பட்டியல் வந்தது. பிறகு காட்டெருமையின் விடுப்பு விண்ணப்பம், அதை நிராகரிக்கும் குறிப்பு இரண்டையும் எழுத வேண்டியிருந்தது. இருபது நாள் போய்விட்டது.

மனைவி மனுப் போட்டுப் பார்க்க வந்தாள். நிறைமாதம். அவர்கள் வளை ஓடைக்கரையில் இருந்தது.

"தெக்க மேகம் கட்டிக்கிட்டு நிக்கி. மழைக்கு முன்னாடி மேட்டுல புது வளை தோண்டணும். இந்த வயித்தோட என்னால முடியாது. ஓடை பொங்குச்சுன்னா நான் எங்க போக?"

"மேலதிகாரி ஆய்வுக்கு வாராரு. அது முடியட்டும்."

"எல்லாரும் தண்டனை முடிஞ்சு வெளிய போறாங்க. நீங்க என்ன, வேலைக்கே சேந்தாச்சா?"

பக்கத்து அறைக் குரங்குக்கு அன்றுதான் விடுதலை. செல்போன் திருடிய வழக்கு. சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்குக் கதவு திறந்தது.

"அண்ணே, நான் தண்ணிப் பானையை ரெண்டு தடவை உடைச்சேன்" என்றது குரங்கு. "ஒரு மணிநேரம் கூட வெச்சுக்கிட மாட்டேங்காங்க. நீங்களும் பதிவேட்டுல ரெண்டு தப்பு பண்ணுங்க."

"தப்புன்னு தெரிஞ்சே எப்படிப்பா எழுதுறது?"

ஆய்வு அறிக்கையில் ஒரு கட்டம் இருந்தது: 'தண்டனைக் காலம் முடிந்தும் விடுவிக்கப்படாத கைதிகள்.'

"இல்லைன்னு போடு" என்று சொல்லிவிட்டுக் கரடி வாசலைக் கூட்டப் போனது. கூட்டவும் ஆள் இல்லை.

கோமதிநாயகம் முள்ளை மையில் தொட்டது. பிறகு எழுதியது: 'ஒருவர். இந்த அறிக்கையை எழுதுபவர்.'

மேலதிகாரி புலி வந்தது. அறிக்கையை வாங்கிப் படித்தது. அந்தக் கட்டத்தில் அதன் கண் நின்றது. கரடிக்கு வியர்த்தது.

"இது பெரிய அநியாயம்" என்றது புலி.

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கியது.

"இப்படி ஒரு கையெழுத்தைக் கிளைச் சிறையில போட்டு வீணாக்கிட்டீங்களே. உடனே மத்தியச் சிறைக்கு மாத்துங்க. அங்க நூத்திப்பத்து பதிவேடு கெடக்கு."

மாற்றல் உத்தரவை எழுத வேறு ஆள் ஏது? கோமதிநாயகமே உட்கார்ந்தது. வெளியே முதல் இடி இடித்தது. ஓடைக்கரை ஞாபகம் வந்து கை நடுங்கியது. நிறுத்திப் பார்த்தது, நிற்கவில்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

புலி தாளைத் தூரத்தில் பிடித்தது. பிறகு கிட்டத்தில் பிடித்தது.

"யாரு எழுதுனது?"

"நான்தான்யா."

"அறிக்கை?"

"அதுவும் நான்தான்யா. இப்போ கை நடுங்குது. எப்ப நிக்கும்னு தெரியல."

புலி கரடியின் பக்கம் திரும்பியது. "தண்டனை முடிஞ்சவரைத் தண்டச்சோறு போட்டு எதுக்கு வெச்சிருக்கீங்க? சட்டம் தெரியாதா? இப்பவே வெளிய அனுப்புங்க."

கோமதிநாயகம் அன்று மதியமே வீடு சேர்ந்தது. நான்கு நாளில் மேட்டில் வளை தயார். ஐந்தாம் நாள் ஓடை பொங்கியது. ஆறாம் நாள் இரண்டு குட்டிகள் பிறந்தன.

இதுவரை முயல் சொன்னது. எனக்கு மனம் கேட்காமல் சிறை வாசல்வரை போய் விசாரித்தேன். காட்டெருமை பதிவேட்டைத் திருப்பிக் காட்டியது. அதன்படி கோமதிநாயகம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. விடுதலையைப் பதிவு செய்ய ஆள் இல்லையாம். தினமும் காலை எண்ணிக்கையில் ஒரு தலை குறைகிறது. "சரியா இருக்குய்யா" என்று காட்டெருமை சொல்ல, கரடி கைநாட்டு வைக்கிறது.

நீதி: உண்மையை எழுதினால் இடமாற்றம் கிடைக்கும், கோணலாக எழுதினால் விடுதலை கிடைக்கும்.