வளைவுவென்ற வீரபாகு டயர் தேர்ந்த படலம்

முத்துக் குளித்த கடல் ஒரு பக்கமும் உப்பு விளையும் நிலம் மறுபக்கமும் நின்று காவல் காக்கும் தூத்துக்குடி மாநகரின்கண், மில்லர்புரம் மூன்றாம் தெருவின் முடிசூடா மன்னன், அறுநூற்றைம்பது சிசி ஊர்தியை ஆளும் ஆண்தகை, ஹெல்மெட்டுக்குள்ளும் மீசை கலையாத மேன்மையோன், வளைவுவென்ற வீரபாகு வாழி! அவன் கொற்றம் வாழி! அவன் புகழைப் பாட இவ்வூரில் வேறு புலவர் எவரும் முன்வராத காரணத்தால், வெட்கத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு அவனே பாட நேர்ந்தது. கேட்போர் பொறுத்தருள்க.

இருபத்திரண்டு மாவீரர்கள் அடங்கிய 'அலைவாய்ச் சிறுத்தைகள்' என்னும் வாட்ஸப் பெரும்படைக்கு அவனே தளபதி. மலைப்பாதை வளைவில் ஊர்தியைச் சாய்க்கும் அருங்கலையை அப்படைக்கு மூன்றாண்டுகளாக உபதேசித்து வந்தான். "உடம்பு முந்தணும், கண்ணு அதுக்கும் முந்தணும், பயத்த வீட்டுல வச்சிட்டு வரணும்" என்று அவன் விடுத்த குரலோலையைக் கேட்டுக் கண்ணீர் மல்கியோர் உண்டு. ஆனால் படை திரண்டு ஆரியங்காவு மலை நோக்கி எழுந்த ஒவ்வொரு ஞாயிறும், ஏதோ ஒரு சரக்குக் கப்பல் குறுக்கே வந்து தளபதியைத் தடுத்துவிடும். அவன் கப்பல் ஏஜென்சியில் கணினி முன் அமர்ந்திருப்பவன். வீட்டிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலை கயிறு பிடித்துப் போட்டதுபோல் நேரானது. அதைத் தவிர வேறு சாலையில் அவன் அந்த வண்டியை ஓட்டியதே இல்லை.

உலகை ஏய்க்கலாம், ஊரை ஏய்க்கலாம், டயரை ஏய்க்க முடியாது. சாய்த்து ஓட்டுகிறவனின் டயர் ஓரம்வரை தேயும். நேரே போகிறவனின் டயர் நடுவில் மட்டும் தேயும். வீரபாகுவின் டயரோ நடுவில் முழு வழுக்கை, இரு ஓரங்களிலும் தொழிற்சாலையில் முளைத்த ரப்பர் முடிகள் வாடாமல் வதங்காமல் நின்றன. புதுடயர் வாங்கியே தீரவேண்டிய அந்த வேளையில்தான், துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த காயல்பட்டினத்துச் சிறுத்தை முஸம்மில், குருநாதர் டயர் தேரும் அழகைக் கண்ணால் காண வருகிறேன் என்று செய்தி விடுத்தான். இருபத்திரண்டு பேர் வைத்திருந்த மதிப்பு நான்கு ரப்பர் முடியில் தொங்கிற்று.

என் செய்தான் அந்த ஏந்தல்? உப்பு விளையும் ஊரில் உப்புத்தாளுக்கா பஞ்சம் என்று ஹார்டுவேர் கடைக்கு விரைந்தான். வெள்ளிக்கிழமை மாலை, கச்சையை வரிந்து, அதாவது லுங்கியை மடித்துக் கட்டி, சைடு ஸ்டாண்டில் இடப்புறம் சாய்ந்து நின்ற ஊர்தியின் பின்சக்கர வலது ஓரத்தைத் தேய்த்தான், தேய்த்தான், குன்றைத் தேய்த்துக் குண்டுமணி ஆக்குவான்போல் தேய்த்தான். இந்தத் தேய்ப்பில் பாதியைத் தோசைக்கல்லுக்குக் கொடுத்திருந்தால் குடும்பம் விளங்கியிருக்கும் என்று இல்லத்தரசி அனுசியா வாழ்த்தி அருளினாள். ஒரு பக்கம் முடிந்ததும் தோள் கழன்றுவிட்டது. கடையிலும் வண்டி இடப்புறம்தானே சாய்ந்து நிற்கும், இடது ஓரத்தை எவன் குனிந்து பார்ப்பான் என்று தேறிக் குளிக்கப் போனான்.

மறுநாள் முற்பகல், டயர்க்கடை ஜெஸ்டின் அண்ணாச்சியின் அவைக்களம். முஸம்மில் தன் ஊர்தியைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றான். அண்ணாச்சி இரண்டு டயர்களை உருட்டி வந்தார். ஒன்று மெத்தென்ற பந்தயச் சாதி. வளைவில் பசைபோல் பிடிக்கும், சீக்கிரம் தேயும். மற்றொன்று நடுவில் கெட்டி, ஓரத்தில் மெத்து. நேர்சாலையில் நெடுநாள் உழைக்கும், மழையிலும் கைவிடாது. வேலைக்குப் போய்வர இதுதான் வாகு என்றார். அக்கணமே வீரபாகு நெஞ்சு நிமிர்த்தி, திசை அதிர முழங்கினான்:

"அண்ணாச்சி, கெட்டி டயரெல்லாம் ஆபீசுக்குப் போறவனுக்கு. எனக்கு மெத்துனதப் போடுங்க."

முஸம்மில் மெய்சிலிர்த்தான். அண்ணாச்சி ஸ்பேனரை எடுத்தார். டயர் மாற்றக் கொண்டுவந்தால் சக்கரத்தைக் கழற்றுவார்கள் என்னும் பேருண்மை அப்போதுதான் தளபதியின் சித்தத்தில் உதித்தது. கழன்ற சக்கரத்தை வெயிலில் நிறுத்தி, பொறுமையாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார் அண்ணாச்சி. அவர் கேலி செய்யவில்லை. மெய்யாகவே விளங்காமல் கேட்டார்.

"தம்பி, வலப்பக்கம் இப்படித் தேஞ்சிருக்கு, இடப்பக்கம் முடிகூட உதிரல. மூணு வருசமா ரவுண்டானாவயே சுத்திக்கிட்டுக் கெடந்தியளா?"

அண்டம் நடுங்கிற்று, துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் எல்லாம் தலைதிருப்பிப் பார்ப்பதாக அவனுக்குத் தோன்றிற்று. ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசிக்கவும் செய்தான். ஆனால் மெத்தென்ற டயரை மாட்டினால் ஆறு மாதத்தில் இதே கடை, இதே சக்கரம், இதே வழுக்கை. எத்தனை முறைதான் தேய்ப்பது? அவமானத்தைவிட அலுப்பு அவனை அதிகம் வாட்டிற்று.

"அண்ணாச்சி, நான் வண்டியச் சாய்ச்சதே இல்ல. உப்புத்தாள வச்சித் தேச்சேன். அந்தக் கெட்டி டயரையே போட்டுருங்க."

சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றான், தேரிழந்து, கொடியிழந்து, இருபத்திரண்டு பேர் கொண்ட படையும் இழந்து, நாளை குழுவில் வரப்போகும் சிரிப்புப் பொம்மைகளை மனக்கண்ணில் எண்ணியவாறு. முஸம்மில் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்ற தன் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு அருகில் வந்து, அண்ணாச்சிக்குக் கேட்காத குரலில், "அண்ணே, அது எத்தனாம் நம்பர் தாளு?" என்றான்.

எண்பது என்று சொன்னேன்.