அன்சேஃப் அக்கா எழுதிய லைப்ரரி

பயப்படுவதற்கு ஒரு போட்டி வைத்தால் சித்தூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் எங்கள் அன்சேஃப் அக்காவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. முதல் பரிசைக்கூட வேறு யாரையாவது அனுப்பித்தான் வாங்குவார். மேடை சரிந்துவிட்டால் என்ன செய்வது?

திருப்பதியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் நானும் அவரும் ஒரே அறை. நான் நகரிக்காரி. சத்தியவேடு பக்கம் ஒரு ஃபேக்டரியில் பிரஸ் மெஷினுக்கடியில் தகடு வைத்து எடுக்கிற வேலை எனக்கு. அந்த மெஷின்களை ஓட்டும் புரோகிராமை எழுதுகிறவர் அக்கா. கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, "அண்ணா மெல்லகா, மெல்லகா" என்று வழி நெடுக ஓதிக்கொண்டே வருவார். ஒருநாள் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, "மீரே நடபண்டி, நீங்களே ஓட்டுங்க" என்று சாவியை நீட்டிவிட்டார்.

சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒருநாள் பயம் வந்தது. தகடு வைத்துக்கொண்டிருக்கிறேன், பெடலை மிதிக்கவே இல்லை, மெஷின் தானாக இறங்கிவிட்டது. விரல் தப்பியது நூலளவில்.

விசாரித்தால், குற்றவாளி, சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் யாரோ எழுதிய பழைய லைப்ரரியாம். எழுத்தை நகலெடுப்பது, எண்ணை எழுதிக் காட்டுவது போன்ற சில்லறை வேலைகளை எல்லாப் புரோகிராமுக்கும் செய்து கொடுப்பது அதுதான். ஏதோ ஒரு எண்ணை எழுதும்போது தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து இடத்திலும் எழுதித் தொலைத்திருக்கிறது. அந்த இடத்தில்தான் 'இறங்கு' என்ற உத்தரவு இருந்ததாம்.

அக்கா அன்றைக்குச் சோறு துன்னவில்லை. "அந்த லைப்ரரிய தூக்கிக் கடாசிட்டு ரஸ்ட்டுன்னு வேற மொழில புச்சா எழுதப் போறேன். ரஸ்ட்டு எல்லை தாண்ட வுடாது. அதால சரிபாக்க முடியாத எடத்துல மட்டும் 'அன்சேஃப்'னு போட்டு, நாமதான் பொறுப்பு ஏத்துக்கணும்."

அப்படிப் போடும் ஒவ்வொரு இடத்துக்கு மேலேயும், இது ஏன் வெடிக்காது என்று ஒரு வரி காரணம் எழுத வேண்டுமாம். எழுதி எழுதி 'அன்சேஃப் அக்கா' என்ற பேரும் ஒட்டிக்கொண்டது, அந்தப் பழக்கம் அறைக்குள்ளும் வந்துவிட்டது. ஹீட்டர் மேல் ஒரு சீட்டு: 'ஸ்விட்ச் அணைத்தாயிற்று, இரண்டு முறை பார்த்தாயிற்று, ஆகவே தொடலாம்.' மெஸ்ஸில் சாம்பார் அண்டா மேலும் ஒரு சீட்டு ஒட்டினார். அதில் 'ஆகவே சாப்பிடலாம்' மட்டும் இருந்தது, காரணம் காலி.

வார்டன் ஆன்ட்டிக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, என் சாம்பாருக்கு ஒரு காரணம்கூடவா கெடைக்கல?"

"யோசிச்சிக்கினே கீறேன் ஆன்ட்டி."

மாதக்கணக்கில் எழுதி முடித்தார். புது லைப்ரரியோடு மெஷினை நாள் முழுக்கக் காலியாக ஓட்டிப் பார்த்தார்கள். ஒழுங்காகத்தான் ஓடியது. மறுநாள் காலை மேனேஜர், "ஆளை வைத்து ஓட்டலாம்" என்று என் பெயரைக் கூப்பிட்டார். நான் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, பயமா கீதுக்கா."

"உன்னவிட எனக்கு பயமா கீது. முப்பத்தேழு எடத்துல அன்சேஃப் போட்டுக்கீறேன். அங்கெல்லாம் என் பேச்ச நம்பித்தான் அது ஓடுது. தள்ளு நீ."

என்னை ஒதுக்கிவிட்டுத் தன் கையை உள்ளே விட்டுத் தகடு வைத்தார். கையை எடுத்துக்கொண்டு பெடலை மிதித்தார். மறுபடி தகடு. கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறார்.

"கண்ணத் தெறந்து வையும்மா தாயே!" என்று மேனேஜர் அலறினார்.

நூறு தகடு. ஒரு தடவைகூட மெஷின் முந்திக்கொண்டு இறங்கவில்லை. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, "இப்ப நீ வெக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன்.

அக்கா இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். இதைப் பத்து விரலாலும் டைப் அடித்துத்தான் அனுப்புகிறேன். படித்தால், பயமில்லாமல் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.