பெல்ட் அறுந்தால் யார் பொறுப்பு?

காரை என்னைத் தவிர யாரும் ஓட்டக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். இயற்றியவன் நான். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. அதுதான் குடும்பத்தின் முதல் கார், பழையதாக வாங்கிய கார். என் மனைவி உஷாராணியிடம் லைசென்ஸ் இருக்கிறது. அவள் அப்பா தண்டாயுதபாணி நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர். டீசல் வாசத்தில் வளர்ந்த பெண். அதனாலேயே சாவியைத் தருவதில்லை. ஒரு தடவை கொடுத்தால் திரும்பி வராது.

அந்தச் சட்டத்தை நானே ரத்து செய்த கதை இது.

ஒரு நாள் சாப்பிடும்போது உஷா சாதாரணமாகக் கேட்டாள்.

“ஏனுங்க, டைமிங் பெல்ட்டு அறுந்தா இன்ஜினே போயிருமாமே. நெசமாங்க?”

“அறுந்தா வேற மாட்டிக்கலாம். இதுக்கெல்லாமா பயப்படறது?”

தைரியமாகத்தான் சொன்னேன். வெண்ணந்தூரில் எங்களுடையது விசைத்தறி வீடு. எங்களுக்கு மோட்டார் என்றால் பெல்ட். அது அறுந்தால் அப்பா இன்னொன்றை மாட்டிவிட்டு டீக்கடைக்குப் போவார். கார் மட்டும் என்ன விதிவிலக்கா?

கை கழுவியதும் போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. இன்ஜினுக்குள் அந்த பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வை முட்டுமாம். ஒரு வீடியோவில் வளைந்த வால்வுகளை வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். முற்றிய வெண்டைக்காய் போல் இருந்தன. அறுவதற்கு முன்னால் சத்தம்கூட வராதாம்.

என் காரில் பெல்ட்டை மாற்றினார்களா? தெரியாது. வாங்கும்போது கேட்டேனா? இல்லை. நிறம் பிடித்திருந்தது, வாங்கினேன். நாங்கள் குடியிருக்கும் ராசிபுரத்தில் எந்த மெக்கானிக்கிடம் போய்க் கேட்டாலும், நான் வீடு திரும்புவதற்குள் செய்தி மாமனாரிடம் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் சேந்தமங்கலத்தில் கொழுந்தியாள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். மாமனார் முன்னாலேயே போய்விட்டார். நாங்கள் காரில் போக வேண்டும். வழியில் இன்ஜின் போனால் “மாப்ள ஓட்டியே கெடுத்துட்டாரு” என்று பந்தல் முழுக்கப் பேசுவார்கள். யோசித்தேன். வண்டியை ஓட்டியவர்தானே பொறுப்பு?

“உஷா, இன்னைக்கு நீ ஓட்டு.”

“நானா? காலையில என்ன சாப்ட்டீங்க?”

“பொம்பளைங்க முன்னேறணும்ல.”

“அது இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்.”

சாவியை வாங்கிக்கொண்டாள். பின் சீட்டில், எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமியார் முத்தாயம்மாள். இடது பக்கம் நான். சீட் பெல்ட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தேன். அந்த ஒரு பெல்ட்டாவது உறுதியாக இருந்தது.

உஷா நன்றாக ஓட்டினாள். அதுதான் பிரச்சினை. ஒரு முட்டை லாரியை முந்தினாள். எனக்குள் நாலு வால்வு வளைந்தது.

“மெதுவாப் போ.”

“மெதுவாத்தானுங்க போறேன்.”

“இன்னும் மெதுவா.”

“இதுக்கு மேல மெதுவாப் போனா அம்மா எறங்கி நடந்துரும்.”

பேளுக்குறிச்சியைத் தாண்டினோம். உஷா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நாளாகியிருந்தது. பாவி, இவள் தலையிலா பழியைப் போடப் போகிறேன்? மனசு கேட்கவில்லை.

“நிறுத்து!”

நிறுத்தினாள்.

“உஷா, பெல்ட்டு எந்நேரமும் அறுந்துரும். மாத்துனாங்களான்னே எனக்குத் தெரியாது. பழி உம்மேல போகட்டும்னுதான் ஓட்டச் சொன்னேன். தப்புத்தான்.”

திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது.

“நம்ம வண்டியில ஏதுங்க பெல்ட்டு? இது செயின் வண்டி. பெல்ட்டு பாக்கற வேலைய இதுல இரும்புச் செயின் பாக்குது. வாங்குன அன்னைக்கே அப்பா பானட்டத் தொறந்து பாத்துட்டுச் சொன்னாரு. நீங்க அப்ப டீ வாங்கப் போயிருந்தீங்க.”

பின் சீட்டிலிருந்து மாமியார் மகளைக் கேட்டார். “ஏஞ்சாமி, மாப்பிள்ளைகிட்ட இன்னுமா சொல்லல?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதிதான். வளைந்த வால்வெல்லாம் எனக்குள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. இன்ஜின் பிழைத்தது. மாமனார் முன்னால் தலைநிமிர்ந்து இறங்கலாம். பல நாளுக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டேன்.

“அப்புறம் எதுக்குப் பெல்ட்டு அறுந்தா என்னாகும்னு கேட்ட?”

“கேட்டேன். நம்ம வண்டியிலன்னு சொன்னனா? அதையும் கேக்காட்டி ஸ்டியரிங்க எங்கையில குடுத்திருப்பீங்களா?”

நிம்மதி வந்ததும் வீறாப்பும் வந்தது. இறங்கி அவள் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன்.

“சரி, எறங்கு. இனி நான் ஓட்டறேன்.”

“ஓட்டுங்க, வேண்டாங்கல. ஆனா செயினும் நாள்பட்டா தளந்துருமாமுங்க. ஆயில் மாத்தாட்டி இன்னும் சீக்கிரமாத் தளருமாம். கடைசியா எப்பங்க ஆயில் மாத்துனீங்க?”

கதவை, செயின் அதிராதபடி, மெதுவாகச் சாத்தினேன். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் உட்கார்ந்தேன்.