நாலுபேர் அண்ணாச்சி வண்டி பார்த்த கதை

விருதுநகர் மாவட்டத்தில் வண்டி வாங்கியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். வெறுங்காலோடு ஷோரூமுக்குள் போய், வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, “ஓடு!” என்று கத்தி, விற்க வந்தவனையும் கூட வந்தவனையும் ரோட்டில் விழுந்தடித்து ஓடவைத்து வண்டி பார்த்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் நாலுபேர் அண்ணாச்சி. அன்றைக்குக் கூடப் போய் ஓடியவன் அடியேன்.

இப்போது அவர் ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் மகனும் மருமகளும். ஒரு மாதமாக இரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு வீட்டில் மல்லுக்கு நிற்கிறார்கள். இரண்டும் சின்ன ஜீப் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ரகம். இரண்டும் ஹைபிரிட்டாம், பெட்ரோலிலும் ஓடுமாம், பாட்டரியிலும் ஓடுமாம். இதில் மைலேஜ் அதிகம், அதில் டிக்கி பெரிசு என்று போனைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டுகிறார்கள். சோறு ஆறிப்போகிறது. இது மட்டும் அண்ணாச்சி காதில் விழுந்தால் ஒரே கேள்வியில் இரண்டு வண்டியையும் வாசலோடு அனுப்பிவிடுவார். “ஏலே, பெட்ரோலையும் கரண்டையும் ஒரே ரூம்ல வைக்க எவன்லே பெர்மிஷன் குடுத்தான்?”

இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷங்களில் நான் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்தேன். அண்ணாச்சி அங்கே ஃபோர்மேன். பட்டாசுக் கம்பெனியை உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். வேலை நடப்பதெல்லாம் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கும் சின்னச் சின்ன அறைகளில்தான். வெடிமருந்து கையாளும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அறைக்கு எதிரும் புதிருமாக வாசல் இருக்கும், கதவு வெளிப்பக்கம் திறக்கும். ஒன்றென்றால் ஓட வேண்டுமே, அதற்கு.

இந்தச் சட்டமெல்லாம் மற்றவர்களுக்குக் கம்பெனி கேட்டோடு சரி. அண்ணாச்சிக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. டீக்கடைக்குள் நாலு பேர் இருந்தால் மழை கொட்டினாலும் வெளியே நின்றுதான் டீ குடிப்பார். பஸ்ஸில் உட்கார இடம் கிடந்தாலும் படிக்கட்டுப் பக்கம்தான் நிற்பார். சொந்த மகள் கல்யாணத்திலேயே மேடையில் பெண், மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியம்மா என்று நாலு பேர் நிற்கிறார்கள் என்பதற்காகக் கீழேயே நின்றுவிட்டார். போட்டோக்காரர் தொண்டை வறளக் கூப்பிட்டார். “அவுகள்ல ஒருத்தர் இறங்கட்டும், நான் ஏறுறேன்” என்று சாதித்துவிட்டார். கல்யாண ஆல்பத்தில் பெண்ணைப் பெற்றவரின் வழுக்கை மட்டும் மேடை ஓரத்தில் தெரியும்.

கேலி பண்ணினோம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒரு பெண்ணுக்கும் விரல்கூடச் சுட்டதில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து கம்பெனி வேனில் வந்து இறங்கும் பெண்கள், “எங்களை அண்ணாச்சி ரூம்ல போடுங்க” என்று ஆபீசில் வந்து சண்டையே பிடிப்பார்கள். அப்படி ஒரு மனுசர் எங்கள் கம்பெனியில் இருக்கிறார் என்று நானே ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதலாளிக்கும் அந்தப் பெருமை உண்டு. ஒரு வருஷம் தீபாவளி லோடெல்லாம் போய் முடிந்ததும் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். “அண்ணாச்சி, கம்பெனி சார்பா உங்களுக்கு ஒரு கார் வாங்கித் தாரேன். ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன். எது பிடிக்குதோ அதைச் சொல்லுங்க.”

வேறு யாராவதாக இருந்தால் ஆனந்தத்தில் மயங்கி விழுந்திருப்பார்கள். அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார்: “அதுக்கு எத்தனை வாசல், முதலாளி?”

அந்தக் கார் அவருக்கு எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும். மகள் மாரியை ஆமத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்தி வீடு சொந்த வயலும் கிணறும் டிராக்டருமாக இருக்கிற சம்சாரி வீடு. இவர் வீட்டில் அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் எல்லோரும் எங்கள் கம்பெனி வேனில் போய் இறங்கியபோது, சம்பந்தி நாலு பேர் கேட்கச் சிரித்துக்கொண்டே, “என்னய்யா, பொண்ணு வீட்டுக்காரக ஷிப்டுக்கு வந்த மாதிரி இறங்குறாக!” என்று சொல்லிவிட்டார். மாலையும் கழுத்துமாக நின்ற மாரியின் முகம் சுருங்கியதை அண்ணாச்சி பார்த்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பாக்கியத்தக்கா சொன்னார்.

அப்போது மாரிக்கு ஒன்பதாம் மாதம். வெள்ளிக்கிழமை ஆமத்தூரில் வளைகாப்பு. முடிந்த கையோடு பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். “ஆபீஸ் தம்பி, எம் மகளை நான் என் வண்டியிலதான் கூட்டியாரணும்” என்றார். சரி, கூடப் போய் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நானும் கிளம்பினேன். தெரியாத்தனமாகத்தான் கிளம்பினேன்.

முதல் ஷோரூம் விருதுநகரில். வாசலில் செருப்பைக் கழற்றினார், நானும் கழற்றினேன். அப்புறம் வாசலையே சுற்றிச் சுற்றி வந்தார். டை கட்டிய விற்பனைத் தம்பி ஓடி வந்து, “வாங்க சார், என்ன தேடுறீங்க?” என்றான்.

“தகடு எங்கன இருக்கு?”

“எந்தத் தகடு சார்?”

“தொடாமயா அம்புட்டுப் பேரையும் உள்ள விடுறீக?” என்று அதிர்ந்துபோனவர், கண்ணாடிக் கதவின் பித்தளைக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். அடுத்த பார்வை அந்தத் தம்பியின் மேல் விழுந்தது. “இது என்ன துணி, நைலானா? தம்பி, நீங்க வண்டிகிட்ட வராதீக. அங்கனயே நின்னு சொல்லுங்க.”

பாவம், அவன் தூரத்தில் நின்றபடியே சாவியை நீட்டி ரிமோட்டை அமுக்கினான். வண்டி ‘கீய்ங்’ என்று கத்தி நாலு பக்கமும் லைட்டை மினுக்கியது. திரும்பிப் பார்க்கிறேன், அண்ணாச்சியைக் காணோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். அவரைச் சமாதானப்படுத்திக் கூட்டிவந்தபோது எங்களுக்கென்று வாங்கி வைத்த காப்பி ஆறிவிட்டது.

வண்டி என்னவோ ராஜா மாதிரிதான் இருந்தது. ஆள் உயரம், பளபளவென்று கறுப்பு. அண்ணாச்சி பார்த்ததும் ‘அணுகுண்டு’ என்று பெயர் வைத்துவிட்டார். “ஏழு பேர் தாராளமா உக்காரலாம் சார்” என்றான் தம்பி.

“ஏழு பேரா! யாரு லைசென்ஸ் குடுத்தா?”

அதற்கப்புறம்தான் அந்தச் சோதனை. அவர் முன்னால் ஏறினார். என்னை நடு வரிசையில் உட்காரவைத்தார். நைலான் சட்டையைக்கூட மன்னித்து, தம்பியைக் கடைசி வரிசையில் திணித்தார். “நான் ஓடுன்னு சொன்னா அம்புட்டுப் பேரும் இறங்கி ஓடிரணும். எங்கன ஓடுறோம்னு யோசிக்கக் கூடாது.” கதவைச் சாத்தினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். “ஓடு!”

நான் ஓடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில்கூட அப்படி ஓடியதில்லை. மூக்குக் கண்ணாடி எங்கோ போய் விழுந்தது. ஷோரூம் மேனேஜர் எதற்கென்றே தெரியாமல் கூடவே ஓடி வந்தார். ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசைத் தம்பி நடு சீட்டை மடக்க முடியாமல் டையோடு மல்லாடிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, “தம்பி, நீங்க போய்ச் சேந்துட்டீக” என்றார் வருத்தத்தோடு.

இரண்டாவது ஷோரூமில் இருந்தது சின்னது. அதுவும் ஜீப் சாயல்தான், ஆனால் குட்டி. சிவப்பு நிறம். அதற்குப் புஸ்வாணத்தின் பெயர், ‘பூச்சட்டி’ என்றானது. அங்கேயும் ஓடினோம், எல்லோரும் உயிரோடு வெளியே வந்தோம். அப்பாடா என்று நினைப்பதற்குள் அண்ணாச்சி பின்பக்க டிக்கிக்குள் ஏறிக் கதவைச் சாத்தச் சொன்னார். உள்ளேயிருந்து தட்டு தட்டென்று தட்டினார். திறந்துவிட்டதும் வேர்க்க விறுவிறுக்க இறங்கி, “உள்ள இருந்து திறக்கவே வழியில்லையே! இது வண்டியா, சரக்கைப் பூட்டி வைக்கிற கிட்டங்கியா?” என்றார். டிக்கிக்குள் மனுசர் ஏற மாட்டார்கள் என்று நான் சொன்னது எடுபடவில்லை. “நான் இப்ப ஏறலையா?”

ஆக, பூச்சட்டி ஒரேயடியாகத் தோற்றது. அணுகுண்டை எடுத்துவிடுவார் என்று பார்த்தால் அதுவும் இல்லை. காலையில், “பெருசு வந்து நின்னா ஆமத்தூரே அசந்துரும்ல?” என்பார். சாயங்காலம், “ஏழு பேரு தம்பி, ஏழு பேரு!” என்று தலையில் கை வைப்பார். இப்படியே வியாழக்கிழமையும் வந்துவிட்டது. பாக்கியத்தக்கா என்னிடம், “தம்பி, எம் மகளை டவுன் பஸ்ல கூட்டியாந்தாலும் சரி, இந்த மனுசனை முடிவு பண்ணச் சொல்லுங்க” என்று கண்ணைக் கசக்கினார்.

வேறு வழி தெரியாமல் இரண்டு ஷோரூமுக்கும் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை ஆமத்தூருக்கு டிரைவரோடு வண்டியைக் கொண்டுவாருங்கள், அங்கேயே முடிவாகிவிடும் என்று இருவருக்கும் ஒரே பாட்டைப் பாடினேன்.

வந்தார்கள். ஆமத்தூர் தெருவில் சம்பந்தி வீட்டு டிராக்டருக்குப் பக்கத்தில் கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டும் மாலை போட்டு நின்றன. மாலை பாக்கியத்தக்கா ஏற்பாடு. வளைகாப்புக்கு வந்த கூட்டம் பாதி வெளியே வந்துவிட்டது. சம்பந்தி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டே வந்தார்.

“என்ன சம்பந்தி, ரெண்டா வாங்கியிருக்கீக?”

அண்ணாச்சி நினைத்திருந்தால் ஒரு ‘ஆமா’ போட்டிருக்கலாம். போடவில்லை. “ஒண்ணுதான், சம்பந்தி. எம் மக எதுல ஏறுறாளோ அது” என்றார். அப்போது அவர் நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெறுங்கால், சுருங்கிய பருத்திச் சட்டை. ஆனால் தெருவே அவருக்குச் சொந்தம் மாதிரி நின்றார்.

நல்ல நேரம் முடிவதற்குள் கிளப்ப வேண்டுமென்று மாரியைக் கூட்டிவந்தார்கள். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், கன்னமெல்லாம் சந்தனம், நிறைமாத வயிறு. அண்ணாச்சியே அணுகுண்டின் கதவைத் திறந்து பிடித்தார். மாரி ஒரு காலைத் தூக்கினாள், எட்டவில்லை. பட்டுச்சேலையைச் சற்று ஒதுக்கிக்கொண்டு மறுபடி தூக்கினாள். ஒரு கை கதவில், ஒரு கை வயிற்றில். மூச்சு வாங்கியது. யாரோ ஸ்டூல் கொண்டுவர ஓடினார்கள். டை கட்டிய தம்பி, “படி வச்சுத் தந்துரலாம் சார்” என்றான்.

மாரி சிரித்துவிட்டாள். “யப்பா, வேணாம்ப்பா” என்று மெல்ல நடந்து போய், பூச்சட்டியின் சீட்டில் நம் வீட்டுக் கட்டிலில் உட்காருகிற மாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். “இதுதான்ப்பா எனக்குத் தோதா இருக்கு.”

சம்பந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஏன் சம்பந்தி, அம்புட்டுப் பெரிய வண்டியை விட்டுட்டு இந்தச் சின்னதையா எடுக்கப் போறீக?” என்றார். போச்சு, இந்த மனுசர் வீம்புக்காகப் பெரியதைத்தான் எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பெருசு நாம நின்னு பாக்கதுக்கு, சம்பந்தி. இது எம் மக ஏறுறதுக்கு” என்றவர் என்னிடம் திரும்பி, “தம்பி, முதலாளிக்குப் போன் போடுங்க. இதே வண்டி. இதே மாதிரி வேற ஒண்ணு வேண்டாம், அவ உக்காந்திருக்காள்ல, அதான் வேணும்” என்றார். உள்ளிருந்து திறக்காத டிக்கியைப் பற்றி நான் நினைவுபடுத்தினேன். “டிக்கில எவனாச்சும் ஏறுவானா? கூறுகெட்டுப் பேசாதீக” என்று என்னையே திட்டினார்.

பாக்கியத்தக்கா ஏறினார். அண்ணாச்சியும் ஏறப் போனார். ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார். உதடு அசைந்தது. டிரைவர், பாக்கியம், மாரி... மாரியின் வயிற்றைப் பார்த்தார். காலை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். “நாலாச்சு, போங்க. நான் பின்னால வாரேன்.”

அவரும் நானும் அணுகுண்டில் ஏறிக்கொண்டோம். தோற்றுப்போன வண்டியில் வருகிறோமே என்ற கூச்சம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் போகும் சிவப்பு வண்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு பள்ளத்துக்கும், “மெள்ள, மெள்ள, பாத்துப் போலே” என்று அந்த வண்டிக்குக் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

நாரணாபுரத்தில் தெரு திரும்பும்போது வேலை முடிந்து கம்பெனிப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிவப்பு வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். “அண்ணாச்சி, கம்பெனி குடுத்த வண்டியா?” “எம்புட்டு அளகா இருக்கு!” “இதுக்கு என்ன பேரு அண்ணாச்சி?”

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, மகளின் கையைப் பிடித்து இறக்கினார். அப்புறம் தெருவைப் பார்த்து, அந்தக் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “எம் மக வந்திருக்கா!”

அந்தத் தெருவில் அன்றைக்குப் பல பேர் அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பார்கள். எனக்கு மாரியைப் பார்த்துத்தான் பொறாமையாக இருந்தது.