செத்தவீட்டுச் சோறும் என் இறுவட்டும்

நோய் மாறி எழும்பிய மனிதன் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊருக்கு நல்லது. எனக்கு அந்தக் குணம் இல்லை. நான் பாட்டு இறுவட்டு, அதுதான் சீடி, வெளியிட்டேன்.

தலைமன்னார்ப் பக்கம் கலியாண வீடுகளில் பாடுகிறவன் நான். ஒருநாள் காலையில் எழும்பினால் முகத்தின் இடது பக்கம் கோணிப்போயிருந்தது. தேத்தண்ணீர் குடித்தால் பாதி சட்டைக்குப் போனது. இனிப் பாடவே வராதோ என்று பயந்து அழுதேன். ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்தபடி கண்ணாடிக்கு முன் நின்று கன்னத்தை ஊதி ஊதி (பிள்ளைகள் இதைப் பார்க்க நண்பர்களைக் கூட்டி வந்தார்கள்) மாதக்கணக்கில் முகம் மெல்லத் திரும்பியது. அந்தக் கதையையே ஆறு பாட்டாக்கினேன். நான் திரும்பப் பாடுகிறேன் என்று ஊருக்குக் காட்ட வேண்டும், மண்டபம் நிறைய வேண்டும். வேறு ஆசை இல்லை.

விளம்பரத்துக்குச் சூசை அண்ணையின் ஓட்டோவைப் பிடித்தேன். எங்கள் பக்கத்தில் யாராவது செத்தால் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறவர் அவர்தான். வேறு எதற்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. (ஏன் என்று நானும் யோசிக்கவில்லை.) பின்னணிக்கு முதல் பாட்டைக் கொடுத்தேன். நான் கட்டிலில் கிடந்ததைப் பற்றியது, வயலினும் நானும் மாறி மாறி அழுவோம். மண்டபத்தையும் நேரத்தையும் முதலில் சொல்லிவிட்டு, சொந்தக்காரர் கோபிக்கக்கூடாதே என்று இன்னாரின் மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு மச்சான் என்று எல்லாரையும் சேர்க்கச் சொன்னேன். இந்த வரிசை முடிந்து இறுவட்டு என்ற சொல் வருவதற்குள் ஓட்டோ அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும். முன் கண்ணாடியில் என் படத்தை ஒட்டியவர், கைப்பழக்கத்தில் அதற்கு ஒரு மாலையும் போட்டுவிட்டார்.

மாலையில் புதுச் சட்டையோடு மண்டப வாசலில் நின்றேன். சனம் வெள்ளம்போல் வந்தது. எல்லாரும் வெள்ளை உடுப்பு. என்ன மரியாதை என்று பூரித்துப்போனேன். என்னைக் கண்ட சிலர் சிலுவை அடையாளம் போட்டபோதுதான் எங்கேயோ பிழைத்துவிட்டது என்று விளங்கியது.

யாரோ போனில் சொல்லி, அரிப்பு ஊரிலிருந்து என் மாமியும் வந்துவிட்டார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே என்று பெரிய சட்டியில் சோறும் கொண்டுவந்திருந்தார். என்னைக் கண்டதும் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எடேய், நீ சாகேல்லையோ?"

"இல்லை மாமி, பாட்டு வெளியிடுறன்."

"அரிப்பில இருந்து அழுதுகொண்டு வந்தனான். பஸ்ஸில இருந்த சனமும் என்னோட சேர்ந்து அழுதது. இப்ப அந்தச் சனத்தின்ர முகத்தில நான் என்னெண்டு முழிக்கிறது?"

மாமி மூக்கைச் சீறிவிட்டு, "சரி, வந்திட்டம், பாடு" என்றார்.

பாடினேன். முதல் பாட்டுக்கே மண்டபம் மறுபடி அழுதது, இம்முறை என் பாட்டுக்காக என்று நம்புகிறேன். பிறகு ஊரார் கொண்டுவந்த சட்டிகளைத் திறந்து எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டோம். நான் வாங்கி வைத்த பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

இப்போதெல்லாம் நத்தார்ப் பண்டிகைக்கு வரச்சொல்லி என் மனைவி போன் எடுத்தாலும் மாமி லேசில் நம்பமாட்டார். "முதல்ல அவனிட்டக் குடு, ரெண்டு வரி பாடட்டும்" என்பார். நான் பாடி முடித்த பிறகுதான் என்ன சமைத்துக்கொண்டு வருவது என்று கேட்பார்.