கரண்டியின் அளவு வேண்டி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று நேற்று போனில் நீயே சொல்லிவிட்டதால் அதை விசாரிக்கும் வேலை எனக்கு மிச்சம். போனிலேயே பதிலும் சொல்லியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் வந்து நின்று மூச்சு விடுகிறார். அந்தச் சத்தத்தில் வாய்வரை வந்த வார்த்தையும் உள்ளே போய்விடுகிறது.

முதலில் பதில். "லீவுக்கு அங்க வரட்டுமா, இல்ல ஆபீஸ்ல எல்லாரும் மலைக்குப் போறாங்க, அவங்களோட போகட்டுமா? நீ சொல்றபடி செய்றேன்டி" என்றாய். மலைக்குப் போ. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். இங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு உதவி மட்டும். வேலைக்கென்று ஊரை விட்டுப் போகும்போது பெட்டியில் போட்டு எடுத்துப் போனாயே ஒரு மரக்கரண்டி, அதை ஒரு தாளின் மேல் படுக்கவைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து தபாலில் அனுப்பு.

காரணம் இது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட் விழுந்ததிலிருந்து இரவுச் சமையல் அப்பாவுடையது. மரக்கரண்டி போனதும் அவர் எவர்சில்வர் கரண்டியை எடுத்தார், அது நான்ஸ்டிக் வாணலியைச் சுரண்டியது, சாப்பாட்டில் கறுப்பாக ஏதோ மிதந்தது, கேட்டால் "மிளகு" என்றார், மிளகு வாங்கியே ரொம்ப நாளாகிறது. கடையில் புதிதாக ஒரு மரக்கரண்டி வாங்கினோம். குறை சொல்ல முடியாத கரண்டிதான். ஆனால் அதைப் பிடித்தால் முன்பின் தெரியாத விருந்தாளியின் கையைக் குலுக்குவது போலிருந்தது. அதனால் நானே ஒன்று செதுக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். சிரிக்காதே.

என் வழக்கப்படி முதலில் படித்தேன். நூலகத்தில் கிடைத்த மரவேலைப் புத்தகங்களையெல்லாம் படித்து, பச்சை மரம்தான் கத்திக்கு இளகும், கத்தி மர இழையின் போக்கிலேயே போக வேண்டும் என்பது வரை தெரிந்துகொண்டேன். கரன்ட் கம்பியில் உரசுகிறது என்று தெருமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், ஒரு கிளையை இழுத்துவந்தேன். குழி தோண்ட வளைந்த கத்தி ஒன்று வாங்கினேன். முதல் கரண்டியில் கத்தி இழைக்கு எதிராகப் போய் ஒரு பக்கம் பிய்ந்தது, அதற்குச் சமமாக மறுபக்கம் சீவினேன், அது அதிகமாகிவிட்டது என்று இந்தப் பக்கம் சீவினேன், கடைசியில் இரண்டு பக்கமும் சமமானபோது அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "காது குடைய நல்லா இருக்கும்மா" என்றார். அடுத்ததில் குழி அழகாக விழுந்தது, அந்த மகிழ்ச்சியில் தோண்டிக்கொண்டே போனேன், மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. அப்பா அதைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தார். அதற்கடுத்தது ஓட்டையில்லாமல் வந்தது, ஜன்னலோரம் காயவைத்தேன். வெயிலில் அவசரமாகக் காய்ந்து, நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் 'டொக்' என்று வெடித்தது. அப்பா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, "காத்து போலருக்கு" என்று மூடினார். கரண்டி வெடித்ததை நான் சொல்லவில்லை.

பிறகு செய்ததை அதிலிருந்து சீவி விழுந்த மரச்சுருளுக்குள்ளேயே புதைத்து மெதுவாகக் காயவிட்டேன். உருப்படியாக ஒரு கரண்டி. அதை ஜன்னலோரம் நின்று உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுத் தையல்காரம்மா மேலே ஏறி வந்தார்.

"பாப்பா, நீ சீவுறதெல்லாம் என் துணியில வந்து விழுது. ஒரு கஸ்டமர் இது புது டிசைனான்னு கேக்கறாங்க."

"ஸாரி ஆன்ட்டி. இதப் பாருங்களேன், எப்படி இருக்குன்னு."

வாங்கிக் காற்றைக் கிண்டினார். முகத்தைச் சுளித்து, மறுபடி கிண்டினார்.

"என்னது, கையைத் தள்ளுது? உங்க வீட்டுல யாரு இடது கை?"

"யாரும் இல்லையே."

"அப்புறம் ஏன் இடது கைக்குச் செஞ்சு வச்சிருக்க? எங்கிட்ட ஒரு பொண்ணு இடது கையால வெட்டும். அது கத்தரிய நான் எடுத்தா இப்படித்தான் முரண்டு பிடிக்கும்."

அவர் போனபின் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். காது குடைவது, ஓட்டை விழுந்தது, வெடித்தது, எல்லாவற்றின் நுனியும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. நான் ஞாபகத்திலிருந்து செதுக்கினேன் அக்கா. நீ இத்தனை வருஷம் இடது கையால் வாணலியைச் சுரண்டிச் சுரண்டி அந்தக் கரண்டி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. கரண்டி என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா ஷிப்ட் முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கரண்டியை வலது கையில் பிடித்துப் பார்த்தாள், இடது கைக்கு மாற்றிக்கொண்டாள், பாலைக் கிண்டினாள். "இருக்கட்டும், பழகிக்கலாம்" என்றாள். மறுநாளிலிருந்து அப்பாவும் இடது கையால்தான் கிண்டுகிறார். கிண்டுவதில் பாதி அடுப்பில் விழுகிறது, துடைப்பது நான். வேற கரண்டி எடுங்கப்பா என்றால், "இது உனக்குப் புரியாதும்மா" என்கிறார்.

ஆகவே, நீ அளவை வரைந்து அனுப்பினால், அதில் உன் தேய்மானத்தை மட்டும் கழித்துவிட்டு எல்லோருக்கும் பொதுவான ஒரு கரண்டி செய்துகொள்வேன். மற்றபடி உன்னைத் தொந்தரவு செய்ய ஒன்றுமில்லை. மலையில் குளிருமாம், ஸ்வெட்டர் எடுத்துப் போகச் சொல்லி அம்மாவின் உத்தரவு. போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அப்பாவின் உத்தரவு. இரண்டோடும் அவர்களுடைய ஆசீர்வாதத்தையும் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் மறுபடி பிரித்தேன். தாளில் வரைந்தால் நீளமும் அகலமும்தான் வரும், குழியின் ஆழம் வராது. கரண்டியையே கையில் வைத்துப் பார்த்தால்தான் உண்டு. தபாலில் போட்டால் காம்பு உடைந்துவிடும், யாராவது கையோடு கொண்டுவர வேண்டும். ஸ்வெட்டர் வேண்டாம். இங்கே குளிர் இல்லை.